ஆயியின் கையில் இருக்கும் கரண்டியை அழிக்க மாட்டோம்

பள்ளி நூலகங்களுக்குப் படக்கதைப் புத்தகங்களைத் தேர்வு செய்யும் குழுவினருக்கு,

நாங்கள் அனுப்பிய 'ஆயி வெட்டிய குளம்' என்ற படக்கதைப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். மொத்தம் 24 பக்கம். முத்திரையர்பாளையத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு மாலையில் படிக்க வரும் பதினோரு பிள்ளைகளும் நானும் ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து எழுதி, வரைந்து, அழித்து, மறுபடி வரைந்த புத்தகம். வெறுமனே திருப்பி அனுப்பியிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். எந்தப் புத்தகத்தை எடுப்பது, எதை விடுவது என்பது உங்கள் பொறுப்பு. ஆனால் கூடவே ஒரு தாள் வைத்திருந்தீர்கள். மூன்று மாற்றங்கள் செய்தால் ஏற்றுக்கொள்வோம் என்று அதில் இருந்தது. அதைப் படித்தபின் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது.

ஆயி என்ன தொழில் செய்தாள் என்பது கதையில் வரக் கூடாது என்கிறீர்கள். குளத்தை வெட்டியவர் அரசர் என்று மாற்றச் சொல்கிறீர்கள். ஒன்பதாம் பக்கத்தில் அவள் கையில் இருக்கும் மண்வெட்டியையும் பதினான்காம் பக்கத்தில் இருக்கும் கொத்துக்கரண்டியையும் எடுத்துவிட்டு, அவள் கரையில் நின்று விளக்கேற்றிக் கும்பிடுவதுபோல் வரைந்தால் பெண் பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரியாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்த மூன்றையும் எங்களால் செய்ய முடியாது. காரணத்தைப் பிள்ளைகளின் சார்பில் நான் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் கதை. உங்களில் சிலர் வெளியூர்க்காரர்கள் என்பதால் சொல்கிறேன், புதுச்சேரிக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கொளியில் ஜொலித்த ஒரு பெரிய மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அது கோயில் இல்லை, ஆயி என்ற தாசியின் வீடு என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அரசருக்குக் கோபம் வந்தது. வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கச் சொன்னார். ஆயி காலில் விழுந்து வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், நானே இடிக்கிறேன், அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டுகிறேன் என்று கேட்டாள். சொன்னபடியே செய்தாள். அந்தக் குளம் இன்றும் ஆயி குளம் என்றுதான் அழைக்கப்படுகிறது. என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

இது வாய்வழிக் கதை. கிருஷ்ணதேவராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. அந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண் இருந்தாள் என்பதற்குக் கல்வெட்டைக் காட்டு என்றால் நான் காட்டமாட்டேன். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே "இது எங்கள் ஊர்ப் பாட்டிகள் சொல்லும் கதை" என்றுதான் தொடங்குகிறோம். ஆனால் கதைக்குப் பிறகு நடந்தது வரலாறு. பல நூறு வருடங்கள் கழித்து, பிரெஞ்சுக்காரர் காலத்தில், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், நகரத்துக்கு நல்ல தண்ணீர் இல்லாமல் திண்டாடியபோது முத்திரையர்பாளையத்திலிருந்துதான் தண்ணீர் கொண்டுபோனார்கள். அதன் நினைவாகக் கட்டியதுதான் இன்று பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்திலும் அந்த மண்டபம்தான் இருக்கிறது. சின்னத்தில் அவள் பெயரைத் தாங்கிய மண்டபம் இருக்கலாம், படக்கதைப் புத்தகத்தில் அவள் மண்வெட்டி பிடிக்கக் கூடாது என்றால், எந்தப் பிள்ளைக்கு நான் அதை விளக்குவேன்?

அரசர் கட்டியதாக மாற்றச் சொல்வதைப் பற்றி. அரசர்கள் கட்டிய கதைகள் நம் பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. கல்லணை என்றால் கரிகாலன், தஞ்சைப் பெரிய கோயில் என்றால் ராஜராஜன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். நானும்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நம் பக்கத்தில் ஒரு ஏரி, ஒரு குளம், ஒரு வாய்க்கால் அரசர் பெயரில்லாமல் ஒரு பெண்ணின் பெயரில் நிற்கிறது என்பது அபூர்வம். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைப் பற்றி அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கேட்டுப் பாருங்கள். பங்காரி, சிங்காரி என்று இரண்டு பெண்கள் வெட்டிய கதையைச் சொல்வார்கள். அவர்களும் தாசிகள்தான். மற்ற இடங்களில் அரசனுக்குக் கொடுக்கும் இடத்தை இந்த மண்ணின் பாட்டிகள் இந்தப் பெண்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதை நீங்கள் ஒரு தாளில் எழுதித் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது.

இனி, உங்கள் தாளைப் படித்தபோது எனக்கு எங்கே வலித்தது என்று சொல்கிறேன்.

என் அம்மா முப்பத்தொரு வருடம் சித்தாள் வேலை பார்த்தவர். காலையில் கூட்டு ரோட்டில் தூக்குப்பாத்திரத்தோடு போய் நிற்பார். மேஸ்திரி வந்து கைகாட்டினால் அன்றைக்கு அடுப்பு எரியும். தலையில் சும்மாடு, அதன் மேல் கலவைச் சட்டி, ஆடும் சாரத்தில் ஏணிப்படி ஏணிப்படியாக இரண்டாவது மாடி வரை. கலவையில் தண்ணீர் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்பதை மண்வெட்டி போடும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். கட்டிக்கொண்டிருக்கும் சுவர் நூல் விலகுகிறது என்று கீழே நின்றபடியே கண்ணால் பார்த்துச் சொல்வார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரியாக இருக்கும். பதினாறு வயதில் அம்மாவோடு வேலைக்கு வந்த ஒரு பையன் நான்கு வருடத்தில் கரண்டி பிடித்தான். அப்புறம் மேஸ்திரி ஆனான். நல்ல பையன், அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவான், இன்றைக்கும் பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுக்கிறான். அவன் கட்டிய சுவர்களுக்கும் அம்மாதான் கலவை தூக்கினார். முப்பத்தொரு வருடத்தில் ஒருநாள்கூட அம்மா கையில் யாரும் கரண்டியைக் கொடுக்கவில்லை. பெண்பிள்ளை கரண்டி பிடித்தால் வீடு விளங்காது என்று ஒரு வீட்டுக்காரம்மா சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறை என்பதால் அம்மாவோடு போய் மணல் மேட்டில் விளையாடிக்கொண்டிருந்தேன்.

கொத்தனார் கூலிக்கும் சித்தாள் கூலிக்கும் இருக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். அந்த வித்தியாசம் உழைப்பில் இல்லை. கையில் எந்தச் சாமான் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு இருந்தால் ஒரு கூலி. சட்டி இருந்தால் வேறு கூலி. அதனால்தான் பதினான்காம் பக்கத்தில் ஆயியின் கையில் கரண்டி இருப்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

அந்தப் பக்கம் எப்படி வந்தது என்று கேளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ராணுவம் வந்து படகில் ஆட்களை மீட்டது நினைவிருக்கும். திண்ணைக்கு வரும் பிள்ளைகளில் நான்காவது படிக்கும் ஒரு சிறுமியின் வீட்டில் பின்பக்கச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆள் தப்பித்தது பெரிய விஷயம். ஊரெல்லாம் சுவர் விழுந்து கிடந்ததால் கொத்தனார் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு இருந்தார்கள். அப்புறம் அந்தப் பிள்ளையின் அம்மா, பதினைந்து வருடமாகச் சித்தாள் வேலை பார்ப்பவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் கரண்டியும் தூக்குக்குண்டும் இரவல் வாங்கி, விழுந்த செங்கல்லையே எடுத்து, ஒட்டியிருந்த பழைய காரையைக் கொத்திச் சுத்தம் செய்து, நூல் பிடித்து, தானே சுவரை எழுப்பிவிட்டார். மகள்தான் சித்தாள். நான் சாயந்திரம் போய்ப் பார்த்தேன். மேல் வரிசையில் ஓரிடத்தில் கொஞ்சம் விலகியிருந்தது. மற்றபடி நல்ல சுவர். இன்றைக்கும் நிற்கிறது.

அடுத்த நாள் திண்ணையில் நான் ஆயி கதையைச் சொன்னேன். எத்தனையோ முறை சொன்ன கதை. வீட்டை அவளே இடித்தாள் என்ற இடம் வந்ததும் அந்தப் பிள்ளை, "இடிச்ச செங்கல்லை என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடமாகச் சொல்கிறேன், ஒருமுறைகூட எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை. சுவரை இழந்து, செங்கல்லைப் பொறுக்கி, திரும்ப எழுப்பிப் பார்த்த பிள்ளைக்குத்தான் அது தோன்றியது. "படித்துறை கட்டியிருப்பாங்க, குளத்துல இறங்கணும் இல்ல" என்று அவளே பதிலும் சொன்னாள். புத்தகம் அன்றைக்குத் தொடங்கியது. பதினான்காம் பக்கத்தை வரைந்தவள் அவள்தான். முழங்கால் அளவுக் குழியில் உட்கார்ந்து, வீட்டுச் செங்கல்லை அடுக்கிப் படி கட்டும் ஆயி. வலது கையில் கரண்டி. பின்னால் இழுத்துக் கட்டிய நூல். அந்த நூலைக்கூட அவள் விடவில்லை. படங்களில் இருக்கும் ஆயியின் முகம் அவள் அம்மாவின் முகம்.

இந்தப் பக்கத்தைத்தான் "இயல்பாக இல்லை" என்று சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறீர்கள்.

படித்துறை சங்கதி ஊர்க்கதையில் இல்லை, நாங்கள் சேர்த்தது. அதை மறைக்கவில்லை, கடைசிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறோம். ஆயியின் வயதும் நாங்கள் சேர்த்ததுதான். பாட்டிகள் வயது சொல்வதில்லை. பிள்ளைகள் கூடிப் பேசிப் பதினெட்டு என்று முடிவு செய்தார்கள். ஏன் என்றால், பதினெட்டு என்றால் ஓட்டுப் போடலாம், ஓட்டுப் போடலாம் என்றால் ராஜாவிடம் எதிர்த்துப் பேசலாம். நான் குறுக்கே பேசவில்லை. நாட்டுப்புறக் கதை காலங்காலமாக இப்படித்தான் வளர்கிறது. சொல்கிறவர் தன் ஊரையும் தன் வலியையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறார். எதைச் சேர்த்தோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் அதில் தவறில்லை என்பது என் எண்ணம். நீங்கள் கேட்கும் மாற்றம் அப்படிப்பட்டது இல்லை. கதையின் முதுகெலும்பை எடுத்துவிட்டு அரசனை வைக்கச் சொல்கிறீர்கள். அப்புறம் அது ஆயி கதையே இல்லை.

நாங்கள் மனம்போன போக்கில் வரையவும் இல்லை. குளம் வெட்டுவது எப்படி என்று தெரிந்துகொள்ள, கிணறு வெட்டும் ஒரு தாத்தாவைத் திண்ணைக்கு அழைத்துவந்தோம். எண்பதைத் தாண்டியவர். பள்ளம் தோண்டினால் குளம் ஆகிவிடாது, தண்ணீர் வர வரத்துவாய்க்கால் வேண்டும், மிஞ்சியது போகக் கலங்கல் வேண்டும், கரையை அடி அடியாகப் போட்டு மிதித்து இறுக்க வேண்டும், அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால் முதல் மழையில் கரைந்துவிடும் என்று குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். புற்றுக்குப் பக்கத்தில் ஊற்று இருக்கும் என்பது அவருடைய கணக்கு. ஆறாம் பக்கத்தில் ஆயி புற்றைச் சுற்றிக் கூழாங்கல் வைத்து ஊற்று இருக்கும் இடம் பார்ப்பது அவர் தந்ததுதான். பழைய வீடுகளுக்குக் காரை வேலை செய்த ஒரு கொத்தனார் வந்தார். சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றுவது, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அதில் சேர்ப்பது, நாள் கணக்கில் பொறுத்திருப்பது என்று எல்லாம் சொன்னார். சிமெண்டு மாதிரி அவசரம் அதில் ஆகாது என்று அவர் சொன்னதும் ஒரு பையன், "அப்ப ஆயிக்கு ராஜா எவ்வளவு நாள் டைம் குடுத்தாரு?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே இரண்டு பக்கம் கூடியது. நிலா தேய்ந்து வளர்ந்து தேய்வதையும், ஒவ்வொரு நிலாவுக்கும் கரை கொஞ்சம் உயர்வதையும் வரைந்தார்கள்.

வண்ணத்துக்கும் கடைக்குப் போகவில்லை. சிவப்புக்குச் செங்கல் தூள், கறுப்புக்கு அடுப்புக்கரி, வெள்ளைக்குக் கோலமாவு, மஞ்சளுக்கு மஞ்சள்தான். நீலம் மட்டும் கிடைக்கவில்லை. துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து வரைந்தார்கள். குளத்தில் முதல் தண்ணீர் வரும் பக்கத்தில்தான் புத்தகத்திலேயே முதல்முறை நீலம் வருகிறது. அதற்கு முன் இருபது பக்கம் வரை நீலமே கிடையாது. அதை யோசித்தவன் ஏழாவது படிக்கும் பையன். நான் ஓவிய ஆசிரியை, இருபது வருடம் ஆகிறது. எனக்கு அது தோன்றவில்லை. உங்கள் தாளில் "வண்ணங்கள் மங்கலாக உள்ளன" என்று இருக்கிறது. அதுபற்றி எனக்கு வருத்தமில்லை. ரசனை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இருபத்தொன்றாம் பக்கத்தை ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

ஆயியின் தொழிலைப் பற்றிய உங்கள் தயக்கத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. அதுபற்றி அம்மாக்களிடம் நாங்களே முதலில் பேசினோம். சிறு பிள்ளைகளிடம் எந்த அளவு சொல்வது என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் புத்தகத்தில், "ஆயி ஆடிப் பாடிப் பிழைத்தவள். அதற்காகச் சிலர் அவளை மதிக்கவில்லை" என்று இரண்டே வரியில் எழுதினோம். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அதையும் எடுத்துவிட்டால் அரசருக்கு ஏன் கோபம் வந்தது என்று பிள்ளைகளுக்குப் புரியாது. தேவதாசி முறை பெண்களுக்கு இழைத்த கொடுமையை நான் அறிவேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதை எதிர்த்து எவ்வளவு போராடினார் என்பதும், 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்ததும் தெரியும். அந்தச் சட்டம் அந்த வழக்கத்தைத்தான் ஒழித்தது. அந்தப் பெண்கள் ஊருக்குச் செய்த நல்லதை ஊர் மறந்துவிட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. யாருடைய வீட்டைக் கும்பிட்டது அவமானம் என்று அரசர் நினைத்தாரோ, அவள் வெட்டிய தண்ணீரை ஊரே குடித்தது. கதையே அதுதான். தொழிலை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால், நாமும் அந்த அரசரின் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறோம்.

குழுவில் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். படிக்க வேண்டிய பெண் பிள்ளைகளைக் கட்டட வேலைக்கு இழுப்பதுபோல் ஆகிவிடாதா என்று கேட்டார். நல்ல எண்ணத்தில் கேட்டார் என்று நம்புகிறேன். என் அம்மா என்னை வேலைக்கு அழைத்துப் போகவே மாட்டார். விடுமுறையில் போனாலும் சட்டியைத் தொடவிடமாட்டார். படி, படி என்று சொல்லித்தான் என்னை ஓவிய ஆசிரியை ஆக்கினார். எந்த அம்மாவும் தன் மகள் தலையில் சும்மாடு வைக்க ஆசைப்படுவதில்லை. எங்கள் புத்தகம் சட்டி சுமக்கச் சொல்லவில்லை. கட்டுவது ஓர் அறிவு, அளப்பது, மட்டம் பார்ப்பது, தண்ணீர் எங்கே ஓடும் என்று யோசிப்பது எல்லாம் அறிவு, அது உனக்கும் வரும் என்று சொல்கிறது. திண்ணையில் இருக்கும் ஒரு பெண், பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கப் போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். பையன்கள் யாரும், பெண் ஏன் கட்டுகிறாள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கரை நிற்குமா நிற்காதா என்றுதான் சண்டை போட்டார்கள்.

நான்கு நாள் கழித்து உங்கள் தாளைத் திண்ணையில் படித்துக் காட்டினேன். மறைப்பது சரியில்லை என்று பட்டது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பதினான்காம் பக்கத்தை வரைந்த பிள்ளை, "எங்கம்மா கட்டினது தப்பா மிஸ்?" என்று கேட்டாள். தப்பில்லை என்றேன். "அப்ப அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவைதான்.

புத்தகத்தை மறுபடி பரிசீலியுங்கள். இந்த முறை மேசையில் வைத்துப் பெரியவர்கள் மட்டும் புரட்டாமல், ஏதாவது ஓர் அரசுப் பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருவர் வாசித்துக் காட்ட, நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் காரணத்தை, பிள்ளைகள் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுத்தில் கொடுங்கள். "இயல்பாக இல்லை" என்ற இரண்டு சொல் போதாது.

இது நாட்டுப்புறக் கதை, வரலாற்று நூல் அல்ல என்ற குறிப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து அட்டையின் உள்பக்கத்துக்குப் பெரிய எழுத்தில் கொண்டுவருவது உங்களுக்கு உதவும் என்றால் அதைச் செய்கிறோம். இரண்டு எழுத்துப் பிழைகளைச் சுட்டிக்காட்டியிருந்தீர்கள். அவை எங்கள் பிழைதான், திருத்திவிட்டோம், நன்றி. ஒன்பதாம் பக்கமும் பதினான்காம் பக்கமும் மாறாது. கட்டியவர் பெயரும் மாறாது.

உங்கள் குழுவில் கல்வியாளர்களும் எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளோடு தினமும் உட்கார்ந்து வாசிக்கும் ஓர் அங்கன்வாடி ஊழியரையும், உழைக்கும் வீட்டுத் தாய் ஒருவரையும் சேருங்கள். எந்தப் பிள்ளைகளுக்காகப் புத்தகம் வாங்குகிறீர்களோ அவர்களின் வீட்டில் எது இயல்பு என்பது அவர்களுக்குத் தெரியும்.

இனி எந்தப் புத்தகத்திலும், ஒரு பெண் பாத்திரம் செய்யும் வேலையை ஆணுக்கு மாற்றினால் ஏற்போம் என்று நிபந்தனை வைக்காதீர்கள். அப்படி ஒரு விதி உங்களிடம் எழுத்தில் இருந்தால் எங்களுக்கு அதன் நகலைக் கொடுங்கள். இல்லையென்றால், இல்லை என்று எழுதிக் கொடுங்கள்.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் பதில் வேண்டும். புத்தகம் அச்சிடச் சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள் ஆளுக்கு ஒருநாள் கூலியைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டும்.

நேரில் பேசலாம் என்று நினைத்தால், திண்ணைக்கு வாருங்கள். ஆயி குளத்தையும் காட்டுகிறோம். மாலை ஐந்தரைக்கு மேல் வந்தால் நல்லது. அதற்குள் அம்மாக்களும் வேலை முடிந்து வந்திருப்பார்கள்.

பதினோரு பிள்ளைகளோடு,
ஓர் ஓவிய ஆசிரியை
முத்திரையர்பாளையம், புதுச்சேரி